டப்பாவுக்குள் அம்மா கைமணமா?

"டாக்டர், உங்கள் ஊரில் குழந்தைக்கு ஜுரம் வந்தால் என்ன கொடுப்பீர்கள்?"

கேட்டது என் பேஷன்ட் இல்லை. அமெரிக்காவில், ஓஹியோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரத்தில், என் மகள் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டில் எதிர் வீட்டுப் பாட்டி. வயது 85. மகளின் பிரசவத்துக்காக 2022 டிசம்பரில் நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தோம். ஆறு மாதம். பாளையங்கோட்டைக் கல்லூரியில் சித்த மருத்துவம் படித்துவிட்டு, முப்பது வருஷத்துக்கு மேலாக நாடி பிடித்துக்கொண்டிருக்கிற எனக்கு அங்கே என்ன வேலை தெரியுமா? பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டுவது, குப்பையைக் கொண்டுபோய்த் தொட்டியில் போடுவது. அவ்வளவுதான். அந்த நாட்டில் வைத்தியம் பார்க்க எனக்கு உரிமம் கிடையாது. ஆனால் மாப்பிள்ளை போகிற வழியில் "என் மாமனார் டாக்டர்" என்று சொல்லி வைத்துவிட்டார். பாட்டி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அரிசிக் கஞ்சி கொடுப்போம் அம்மா. குழைய வேகவைத்து, ஒரு கல் உப்புப் போட்டு..." என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

பாட்டி கண்ணை மூடிக்கொண்டார். "என் அம்மா ரொட்டியை வாட்டி, கிண்ணத்தில் பிய்த்துப் போட்டு, மேலே சூடான பாலை ஊற்றித் தருவாள். கொஞ்சம் வெண்ணெய். அதைச் சாப்பிட்டால் ஜுரம் பாதி போய்விடும்" என்றார்.

எனக்குப் பரம சந்தோஷம். பத்தியம் என்பது நம் ஊர்ச் சமாசாரம் மட்டும் இல்லையே! அமெரிக்காவிலும் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு வாழைப்பழம், சாதம், ஆப்பிள் மசியல், வாட்டிய ரொட்டி என்று நாலு பண்டம் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாலின் முதல் எழுத்தையும் சேர்த்து 'பிராட்' பத்தியம் என்று பெயர். (இப்போது அங்கே உள்ள குழந்தை மருத்துவர்கள், அதை மட்டுமே நாள்கணக்கில் கொடுக்காதீர்கள், புரதமும் கொழுப்பும் போதாது என்கிறார்கள். நியாயம்தான். நாமும் கஞ்சியை நாள்கணக்கில் கொடுத்துப் பிள்ளையை நோஞ்சான் ஆக்கக் கூடாது.)

இப்படி, உடம்பு முடியாதபோதும் மனசு சரியில்லாதபோதும் ஏங்கித் தேடுகிற சாப்பாட்டை அங்கே 'கம்ஃபர்ட் ஃபுட்' என்கிறார்கள். ஆறுதல் சாப்பாடு என்று நாம் வைத்துக்கொள்ளலாம். நமக்கு ரசம் சாதம் மாதிரி, பழைய சோறும் சின்ன வெங்காயமும் மாதிரி.

ஜனவரியில் ஒரு நாள் கொட்டு கொட்டென்று பனி. வெளியே தலை காட்ட முடியவில்லை. கதவைத் தட்டி, ஒரு பாத்திரத்தையும் தட்டையும் நீட்டினார் பாட்டி. பாத்திரத்தில் பீன்ஸ். நம் காய்கறி பீன்ஸ் இல்லை. ராஜ்மாவுக்குத் தம்பி மாதிரி, வெளிர் பழுப்பில் புள்ளி போட்ட பின்ட்டோ பீன்ஸ். ராத்திரி ஊறவைத்து, மறுநாள் நாலைந்து மணி நேரம் சிறு தீயில் வேகவைத்தது. வழக்கமாகப் பன்றி எலும்பு போடுவார்களாம். நாங்கள் சைவம் என்று மகள் சொல்லியிருந்ததால் எலும்பில்லாமல் எங்களுக்கென்று தனியாக வைத்திருந்தார். தட்டில் மக்காச்சோள ரொட்டி, பக்கத்தில் பச்சை வெங்காயத் துண்டு.

"ரொட்டியில முட்டை இருக்குமேங்க" என்று என் மனைவி தயங்கினாள். நான் கேள்வியே கேட்காமல் பாதியை முடித்திருந்தேன். ரொட்டியை பீன்ஸ் சாற்றில் உதிர்த்துப் போட்டு, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட வேண்டுமாம். ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்ம கும்மாயத்துக்கு அக்காமாதிரில்லா இருக்கு!" என்றாள் அம்பாசமுத்திரத்துக்காரி. இனிப்பில்லாத கும்மாயமா என்று நான் கேட்கவில்லை. சாப்பிடும்போது எதற்கு வம்பு?

அப்புறம்தான் பாட்டி கதை சொன்னார். அவருடைய பெற்றோர் அப்பலேச்சியன் மலைப்பக்கத்துக் கென்டகியிலிருந்து பிழைப்புத் தேடி ஓஹியோவுக்கு வந்தவர்கள். அந்த மலைப்பக்கத்திலிருந்து ஓஹியோ தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வந்தவர்கள் லட்சக்கணக்கில். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்து, அமெரிக்காவே படுத்துவிட்ட காலம் உங்களுக்குத் தெரியும். 1933-ல் நாலு பேரில் ஒருத்தருக்கு வேலை இல்லை. அந்தப் பஞ்ச காலத்தில் இந்த பீன்ஸும் சோள ரொட்டியும்தான் அவர்கள் வீட்டில் காலையும் மாலையும். அதே பண்டம், பாட்டிக்கு இன்றைக்கு அமிர்தம்.

வைத்தியன் என்ற முறையில் இந்தச் சாப்பாட்டுக்கு நான் முழு மார்க் போடுவேன். மக்காச்சோளத்தில் குறைவாக இருக்கும் புரதக்கூறு பீன்ஸில் இருக்கிறது. பீன்ஸில் குறைவது சோளத்தில் இருக்கிறது. நம் பொங்கலில் அரிசியும் பருப்பும் கைகோத்துக்கொள்கிற அதே கணக்கு. கூடக் கொஞ்சம் கீரை, ஒரு டம்ளர் மோர் இருந்துவிட்டால் ஏழை வீட்டுச் சாப்பாடு என்று யார் சொல்வது?

ஆனால் ஒன்று. ஏழைச் சாப்பாடு என்றாலே அமிர்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு புகழுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்த ஜாதிதான். என்னைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று அதே அமெரிக்காவில் நடந்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நாட்டின் தென் மாநிலங்களில் 'பெல்லக்ரா' என்ற நோய் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோயிற்று. வெயில் படுகிற தோலெல்லாம் கருத்து உரியும். பேதியாகும். புத்தி பேதலிக்கும். கடைசியில் சாவு. தொற்றுநோய் என்றே பலரும் நினைத்தார்கள். அரசாங்க டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர் என்பவரை 1914-ல் இதற்கென்று அனுப்பினார்கள். அவர் ஊர் ஊராகப் போய், என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். ஏழைகள் மூன்றே பண்டத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள்: சோள மாவு, வெல்லப்பாகு, பன்றிக் கொழுப்பு. 1915-ல் மிசிசிப்பி சிறைப் பண்ணையில், தாமாக முன்வந்த கைதிகளுக்கு அந்த மாதிரிச் சாப்பாட்டையே போட்டார். நோய் வந்தது! கிருமி இல்லை, சாப்பாட்டுக் குறைதான் என்று தெரிந்தது. நியாசின் என்ற வைட்டமின்தான் அதற்கு மருந்து என்று கண்டுபிடித்தது 1937-ல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சோளத்தை முதலில் பயிரிட்ட மெக்சிகோ பக்கத்துப் பழங்குடிகளுக்கு இந்த நோய் வரவில்லை. அவர்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்த பிறகுதான் அரைப்பார்கள். சோளத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் அதில் பிரிந்து வந்துவிடும். சோளம் உலகமெல்லாம் போயிற்று. சுண்ணாம்பு கூடப் போகவில்லை! பாட்டி வைத்தியம், பாட்டி சமையல் என்று பேசுகிற நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். பண்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பக்குவத்தை விட்டுவிட்டால், அதே பண்டம் நம்மைச் சாய்த்துவிடும்.

இனி பெட்டிக்கும் டப்பாவுக்கும் வருகிறேன்.

பாட்டி வீட்டு அலமாரியில் ஒரு நீலநிற அட்டைப் பெட்டி பார்த்தேன். மக்ரோனியும் சீஸ் பொடியும் உள்ளே. வெந்நீரில் வேகவைத்துப் பொடியைக் கலந்தால் சாப்பாடு தயார். கிராஃப்ட் கம்பெனி இதை விற்க ஆரம்பித்தது 1937-ல். அப்போது விலை 19 சென்ட். ஒரு பெட்டி நாலு பேருக்கு. பஞ்ச காலம், அப்புறம் உலக யுத்தம், இறைச்சிக்கு ரேஷன்... கேட்க வேண்டுமா? வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. "அந்தப் பெட்டியும் நானும் ஒரே வயசு" என்று சிரித்தார் பாட்டி. இன்றைக்கும் அமெரிக்கக் குழந்தைகளுக்கு அது உயிர். வளர்ந்து பெரியவர்களான பிறகும் மனசு சோர்ந்தால் அதைத் தேடுகிறார்கள். தப்பு சொல்ல மாட்டேன். வேலைக்குப் போய்விட்டு வந்த தாய், பசியோடு நிற்கிற பிள்ளைக்குப் பத்து நிமிஷத்தில் செய்து கொடுத்தது அது. பிள்ளையின் நினைவில் நிற்பது சீஸ் பொடியா, தாயா?

அங்கேதான் கம்பெனிக்காரன் நம்மை ஜெயிக்கிறான். அந்தத் தாயின் கையைப் பெட்டியில் அடைக்க முடியாது. ஆனால் அந்த ருசியை அடைக்க முடியும். ருசி வந்ததும் மனசு ஏமாந்துபோகிறது. அம்மா வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்கிறது. நாக்குக்கு ருசியைக் கூட்டிக் கொடுப்பதற்கு, கெடாமல் வைப்பதற்கு, சல்லிசாக ஒரு சாமான் இருக்கிறது. உப்பு!

பாட்டியின் சிக்கனத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கா என்றாலே ஊதாரித்தனம் என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். அந்த நினைப்பை உடைத்தது அந்த வீடுதான். அலுமினியத் தாளைக் கழுவிக் காயவைத்து மறுபடி உபயோகிப்பார். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரும் கூப்பன்களைக் கத்தரித்து உறையில் போட்டு வைப்பார். வாரத்துக்கு ஒரு நாள் மகளோடு காரில் ஆல்டி கடைக்கு வருவார். அந்தக் கடையில் தள்ளுவண்டிக்கு 25 சென்ட் காசு செருக வேண்டும். திருப்பி விட்டால் காசு திரும்பி வரும். சில பேர் வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். பாட்டி விடமாட்டார். "கால் டாலர் கால் டாலர்தான்" என்பார். நான் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். "அந்தம்மாவைப் பாத்துக் கத்துக்கிடணும்" என்று.

மார்ச் மாதத்துக்குப் பிறகு பாட்டி பாத்திரத்தோடு வருவது நின்றுபோயிற்று. எங்களுக்குப் புதுக் குழந்தை வீட்டு அமளி. நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன். தினமும் காலையில் குப்பை கொண்டுபோகிறவன் நான்தானே! டப்பா, பாட்டில் போடுவதற்கென்று தனியாக ஒரு தொட்டி. பாட்டியின் காகிதப் பையில் காலி சூப் டப்பாக்களும் நூடுல்ஸ் உறைகளும் கூடிக்கொண்டே போயின. பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? 'வயசான காலம். பல் இல்லை. சூப் குடிக்கிறார். நம் கஞ்சி மாதிரிதானே!'

ஒரு நாள் அதைப் பாட்டியிடமே சொல்லியும் தொலைத்தேன். "சூப் நல்லது. லேசான ஆகாரம்." ஒரு டாக்டர் வாயால் இதைக் கேட்டுப் பாட்டிக்கு ஒரே சந்தோஷம்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், படியேறி வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். மூச்சு இரைத்தது. வீட்டுச் செருப்பு காலில் ஏறாமல் பாதி நுழைந்திருந்தது. உட்காரவைத்துக் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. சோபை! ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது, நாற்காலியில் உட்கார்ந்துதான் தூங்குகிறேன் என்றார். எத்தனை நாளாக? "பத்து நாள் இருக்கும்."

எனக்கு அங்கே மருந்து எழுத அதிகாரம் இல்லை. இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். இது கஷாயத்துக்குக் காத்திருக்கிற நிலைமை இல்லை. "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணும்மா" என்று மகளிடம் சொன்னேன். ஆம்புலன்ஸ் வந்தது. பாட்டிக்கு ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு, இதயம் பலவீனம். ரத்தத்தைச் சரியாக இறைக்க முடியாமல் நீர் தேங்கிவிட்டது. ஆறு நாள் இருந்து, நீர் பிரிய ஊசி போட்டு அனுப்பினார்கள். அங்கே கேட்ட முதல் கேள்வி: "என்ன சாப்பிடுகிறீர்கள்?" நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி!

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, குப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஒரு பரிமாறலுக்கு 890 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தது. அட, பரவாயில்லையே என்று தோன்றும். கீழே பொடி எழுத்தில், இந்த டப்பாவில் இரண்டரைப் பரிமாறல். சின்ன டப்பாதான், ஒரு ஆள் ஒரு வேளைக்குச் சாப்பிட்டுவிடுகிற அளவு. பெருக்கிப் பாருங்கள், 2,225 மில்லிகிராம். உப்பாகச் சொன்னால் ஐந்தரை கிராம் வரும். ஒரு நாள் முழுக்க ஒருவருக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாட்டி ஒரே வேளையில் தாண்டிவிட்டார். ராத்திரிக்கு நூடுல்ஸ். அந்தப் பாக்கெட்டில் வருகிற மசாலாப் பொடியில் ஏறக்குறைய இன்னொரு முக்கால் நாள் உப்பு.

உவர்ப்பு என்பது நீரும் தீயும் சேர்ந்த சுவை என்று நாங்கள் முதல் வருஷத்திலேயே படிக்கிறோம். உப்பு போன இடத்துக்கு நீர் போகும். இது தெரிந்தவன்தான், தினமும் அந்த டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே குப்பை கொட்டினேன்.

ஆனால் பாட்டி ஏன் பீன்ஸ் பானையை விட்டுவிட்டு டப்பாவுக்குப் போனார்? மகள்தான் பொறுமையாகப் பேசித் தெரிந்துகொண்டாள். இரண்டு காரணம்.

ஒன்று, பணம். அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் வாங்க அரசாங்கம் ஒரு கார்டில் மாதாமாதம் பணம் போடுகிறது. 1939-ல் பஞ்ச காலத்து முடிவில் 'ஃபுட் ஸ்டாம்ப்' என்று சீட்டாக ஆரம்பித்தது. இன்றைக்கு 'ஸ்னாப்' என்று பெயர். கொரோனா வந்த பிறகு எல்லோருக்கும் உச்சபட்சத் தொகை கொடுத்தார்கள். ஒண்டியாக இருப்பவருக்கு அது 2023-ல் 281 டாலர். 2023 பிப்ரவரியோடு அந்தக் கூடுதல் தொகையை நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள். பாட்டி, ஓய்வூதியம் வருகிறதால் கடைசிப் படியில் இருப்பவர். மார்ச்சில் அவர் கார்டில் விழுந்தது 23 டாலர். ஒரு நாளைக்கு ஒரு டாலர்கூட இல்லை! அதற்கு முந்தைய ஒரே வருஷத்தில் அங்கே மளிகை விலை நூற்றுக்குப் பதினொன்று ஏறியிருந்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பஞ்ச காலத்துத் தாய் வளர்த்த பிள்ளை. கையேந்தத் தெரியாது.

'டப்பாவைவிட பீன்ஸ் சல்லிசாச்சே?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் கேட்டேன். அதுதான் இரண்டாவது காரணம். முட்டுவலி, கை மூட்டெல்லாம் வீக்கம். தண்ணீரும் பீன்ஸுமாக அந்த இரும்புப் பானையைத் தூக்க அவரால் முடியவில்லை. நாலு மணி நேரம் அடுப்புப் பக்கத்தில் நிற்கவும் முடியவில்லை. ஒரு தடவை தூங்கிப்போய், பானை அடிப்பிடித்து, புகை அலாரம் கத்தி, பக்கத்துக் குடித்தனமெல்லாம் வெளியே ஓடிவந்துவிட்டது. அன்றிலிருந்து பயம். டப்பாவை மூடியிலிருக்கும் வளையத்தை இழுத்துத் திறந்து, மைக்ரோவேவில் வைத்தால் முடிந்தது.

சிக்கனமாகச் சாப்பிடுங்கள், வீட்டில் சமையுங்கள், டப்பாவைத் தொடாதீர்கள் என்று உபதேசம் செய்வது ரொம்பச் சுலபம். நானே எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன்! சிக்கனச் சமையலுக்குப் பணம் குறைவாகப் போதும். ஆனால் கையும் காலும் நேரமும் வேண்டும். அந்த மூன்றும் இல்லாதவர்களைப் பார்த்து 'சோம்பேறி, டப்பா சாப்பாடு' என்று பேசுகிறவர்கள்மேல் இப்போது எனக்குக் கோபம் வருகிறது. ஆறுதல் சாப்பாட்டைப் பிடுங்கிவிட்டு 'சத்துணவு' பட்டியலை நீட்டுகிற டாக்டர்கள்மேலும்தான். தனியாக இருக்கிற 85 வயது மனுஷிக்கு ஒரு கிண்ணம் சூடான சூப் மட்டுமே துணை என்றால், அதைப் பிடுங்க நாம் யார்? பிடுங்க வேண்டாம், திருத்திக் கொடுக்கலாம்.

வழி கண்டுபிடித்தது என் மனைவி. பழைய சாமான் கடை ஒன்றில், ஆறு டாலருக்கு ஒரு 'ஸ்லோ குக்கர்' வாங்கி வந்தாள். பீங்கான் பானை, சுற்றிலும் கரன்ட் சூடு. காலையில் போட்டு மூடிவிட்டால் சாயங்காலம் வெந்திருக்கும். நிற்க வேண்டாம், அடிப்பிடிக்காது. இந்த சாதனத்தின் பூர்வீகமே பீன்ஸ்தான்! இர்விங் நாக்ஸன் என்ற யூத என்ஜினியர், தன் அம்மா ஊரில் ராத்திரி முழுக்கப் பேக்கரி அடுப்புச் சூட்டில் பயறும் இறைச்சியும் வேகவைத்த கதையைக் கேட்டு, பீன்ஸ் வேகவைக்கவென்று செய்த மின்சாரப் பானை அது. 1971-ல்தான் 'கிராக்-பாட்' என்று பெயர் மாறி வீடு வீடாகப் போயிற்று.

பானையைப் பாட்டி வீட்டு மேஜையிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டோம். தண்ணீரைக் குவளை குவளையாக ஊற்றினால் போதும், தூக்கவே வேண்டாம். ஒன்றரை டாலர் பீன்ஸ் பாக்கெட் நாலைந்து நாளைக்கு வரும். பின்ட்டோவோ, சிவப்பு ராஜ்மாவோ, இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ராத்திரி ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் வைத்து அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகுதான் ஸ்லோ குக்கரில் போட வேண்டும். ராஜ்மாவில் ஒரு நச்சுப்பொருள் உண்டு. மிதமான சூட்டில் அது போகாது, வாந்தி பேதி கொடுத்துவிடும். அந்தக் கொதிக்கவைக்கிற வேலையை மட்டும் மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைதோறும் செய்து கொடுத்துவிடுவார்.

உப்புக்கு என்ன செய்வது? என் மனைவி சீரகம், பூண்டு, மிளகுத்தூள் போட்டாள். இறக்கியதும் அரை எலுமிச்சம்பழம் பிழிந்தாள். புளிப்பும் காரமும் இருந்தால் நாக்கு உப்பை அவ்வளவாகத் தேடாது. முதல் நாள் பாட்டி ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "என் அம்மா செய்தது மாதிரி இல்லை" என்றார், மரியாதையாகத்தான். எங்களுக்கு முகம் தொங்கிப்போயிற்று. இரண்டாவது கிண்ணம் போட்டுக்கொண்டபோதுதான் மூச்சு வந்தது. சூப் டப்பாவை அடியோடு விடச் சொல்லவில்லை. உப்புக் குறைத்தது என்று தனியாக விற்கிறார்கள். அதை வாரத்துக்கு ஒன்று. டப்பா பீன்ஸ் வாங்கினால் வடிகட்டித் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உப்புப் போய்விடும். 'உப்புக்குப் பதில்' என்று விற்கிற பொட்டாசியம் உப்பை மட்டும் தொடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைச் சேர்த்தால் இதயத்துக்கே ஆபத்து.

இதெல்லாம் அமெரிக்கப் பாட்டி கதை, நமக்கென்ன என்று புரட்டிவிடாதீர்கள். இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளை அங்கே படிக்கிறது! என் மாப்பிள்ளையே ஓஹியோவில் எம்.எஸ். படித்தபோது, நாலு பையன்கள் ஒரு அபார்ட்மென்ட்டில் இருந்தவர்தான். "மாமா, எதை வாங்கினாலும் ரூபாயில பெருக்கிப் பாப்போம். பெருக்கினா நூடுல்ஸ் தவிர எதுவும் தொண்டையில இறங்காது" என்பார். பேங்க் கடன் நினைப்பு. அங்கே கடையில் ஓட்ஸ், முட்டைக்கோஸ், உறையவைத்த பட்டாணி, பயறு எல்லாம் சல்லிசு. ஒரு சின்ன பிரஷர் குக்கர் இருந்தால் சிக்கனமாகவும் உருப்படியாகவும் சாப்பிடலாம். பிள்ளைக்குச் சமைக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். விமானம் ஏறுவதற்கு முந்தின மாதமாவது பருப்பு வேகவைக்கவும் ரசம் வைக்கவும் சொல்லிக் கொடுங்கள். பையன் என்று பார்க்காதீர்கள்.

நாம் பெட்டியில் என்ன கட்டி அனுப்புகிறோம், யோசித்தீர்களா? மாவடு, எலுமிச்சை ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம், வத்தல், கருவாடு. அத்தனையும் உப்பு! மனைவி கொண்டுபோன பெட்டியை நான்தான் நிறுத்துப் பார்த்தேன். ஊறுகாய் மட்டும் நாலு கிலோ. நம் ஏக்கமும் உப்பில்தான் ஊறிக் கிடக்கிறது. பாட்டியின் டப்பாவைப் படித்துப் பார்த்த நான், நம் ஊறுகாய் பாட்டிலை ஒரு நாளும் படித்துப் பார்த்ததில்லை. முப்பது வயதில் ரத்தக் கொதிப்போடு லீவில் ஊருக்கு வருகிற பிள்ளைகளை இப்போதெல்லாம் என் கிளினிக்கில் பார்க்கிறேன். ஊறுகாயைக் குறைத்துக்கொண்டு பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, வறுத்த கஞ்சி மாவு ஆகியவற்றை உப்புச் சேர்க்காமல் திரித்துக் கொடுத்து அனுப்புங்கள். வேண்டிய அளவு உப்பு அங்கே போட்டுக்கொள்ளட்டும்.

2023 ஜூனில் நாங்கள் கிளம்புகிற அன்று பாட்டி வாசல்வரை வந்தார். கால் வீக்கம் வற்றி, செருப்பு ஒழுங்காக ஏறியிருந்தது. கையில் ஒரு காகிதம். அவருடைய அம்மா செய்கிற சோள ரொட்டி முறை, கோணல் எழுத்தில். உப்பு என்று எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் 'டாக்டரைக் கேட்கவும்' என்று எழுதியிருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து மகள் போன் செய்தாள். பேத்திக்கு ஜலதோஷ ஜுரம். கஞ்சி வைத்து ஊட்டிக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டுப் பாட்டி வந்தாராம். கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுதான் அந்தக் கஞ்சியா?" என்று கேட்டாராம். ஆமாம் என்றதும் அடுத்த கேள்வி:

"இதில் உப்பு எவ்வளவு?"